ஜான் அர்ஷல்: 2017-ஐ விடுங்கள், 2012-ஐப் பேசுவோம்

சனிக்கிழமை ரசிகன் எழுதியது:

ஜான் அர்ஷல் பெயரை எடுத்தாலே எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் மூன்று சீசன் ஆடினார், மூளைக் காயம் பற்றி ஓர் ஆய்வு வந்தது, 2017-இல் 26 வயதில் ஆட்டத்தை விட்டார், எம்.ஐ.டி.யில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், இப்போது அங்கேயே உதவிப் பேராசிரியர். படிப்புக்காக விளையாட்டை உதறிய அறிவாளி என்று கதை முடிந்துவிடும்.

எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அந்த மனிதரின் குணத்தைப் பார்க்க வேண்டுமானால் 2017 ஜூலைக்குப் போகக் கூடாது, 2012 ஜூலைக்குப் போக வேண்டும். அப்போது அவர் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் கார்டு. வயது 21. நிலைமை என்ன என்று இங்கே புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

2011 நவம்பரில் ஜெர்ரி சாண்டஸ்கி வழக்கு வெடித்தது. அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் பல வருடங்களாகச் சிறுவர்களை நாசம் செய்திருக்கிறார் என்று குற்றச்சாட்டு. தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவை அதே மாதம் நீக்கினார்கள். 2012 ஜனவரியில் அவர் இறந்துபோனார். ஜூனில் சாண்டஸ்கி 45 குற்றங்களில் தண்டிக்கப்பட்டார். ஜூலை 23 அன்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு: 6 கோடி டாலர் அபராதம், நான்கு வருடத்துக்கு சீசன் முடிவில் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் பௌல் ஆட்டம் கிடையாது, ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் பெரிய வெட்டு. அதோடு இன்னொன்று. யார் வேண்டுமானாலும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், ஒரு வருடம் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை, உடனே ஆடலாம்.

பிற அணிகளின் பயிற்சியாளர்கள் பென் ஸ்டேட் இருக்கும் ஸ்டேட் காலேஜ் ஊருக்கே வந்து ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பந்தை வாங்கி ஓடும் முதன்மை ரன்னிங் பேக் சைலஸ் ரெட், தென் கலிஃபோர்னியாவுக்குப் போனார். ஜஸ்டின் பிரவுன் ஓக்லஹோமாவுக்கு. உதைப்பவர் ஆண்டனி ஃபெரா டெக்சஸுக்கு. யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வாழ்க்கை.

அர்ஷல் கையில் அப்போதே இளங்கலைப் பட்டம் இருந்தது. மூன்றே வருடத்தில் முடித்திருந்தார். 2011-இல் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர். போயிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தார். வலது கார்டாக நின்று இரண்டு வருடமும் பிக் டென் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம் பிடித்தார், 2012, 2013. இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்கிறேன்.

விதி தெரியாதவன் எழுதியது:

அண்ணா, நல்ல பதிவு. நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்து ஒரு சீசன்தான் ஆகிறது. கார்டு என்றால் சரியாக என்ன வேலை? பந்தையே தொடாத ஓர் ஆளுக்கு எப்படி விருது கொடுக்கிறார்கள்? எதை வைத்து நல்லவர், மோசமானவர் என்று பிரிப்பது?

மூன்றாம் டவுன் எழுதியது:

தம்பி, நான் பதில் சொல்கிறேன்.

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் பந்தைப் பின்னால் தருபவர் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். சென்டர் பந்தைத் தருவதைத் தவிர, இந்த ஐந்து பேரும் சாதாரணமாகப் பந்தைத் தொடுவதில்லை, பாஸ் வாங்கவும் உரிமை இல்லை. அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டால் பெரும்பாலும் கெட்ட செய்திதான்: எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காகப் பத்து யார்டு தண்டனை. கல்யாண வீட்டுச் சமையல்காரர் நிலைமைதான். சாப்பாடு நன்றாக இருந்தால் பெண் வீட்டைப் பாராட்டுவார்கள், உப்பு கூடினால்தான் சமையல்காரரைத் தேடுவார்கள்.

இனி ஒரு கார்டை உற்றுப் பார்ப்போம். சென்டர் பந்தைப் பின்னால் தரும் கணம்தான் ஸ்நாப். ஸ்நாப்புக்கு முன் ஒரு கை புல்லில், முதுகு தாழ்வாக, கண் நிமிர்ந்து. எதிரே 300 பவுண்டு ஆள். பந்து நகர்ந்ததும் முதல் அடி ஆறு அங்குலம் இருந்தால் பெரிது. அந்த அடி நேராகப் போனதா, சரிந்து போனதா என்பதிலேயே பாதி தீர்ந்துவிடும். அப்புறம் கைகள். எதிராளியின் தோளுக்கு வெளியே போனால் நடுவர் கொடி வீசுவார், மார்புக்கு நடுவே இருக்க வேண்டும். எதிராளியை விடத் தாழ்வாக இருப்பவன் ஜெயிப்பான். உயரம் இங்கே உதவாது.

ஓட்ட ஆட்டத்தில் கார்டும் டேக்கிளும் சேர்ந்து ஒரே ஆளை முட்டித் தள்ளுவார்கள். தள்ளிக்கொண்டே இருவரும் ஓரக்கண்ணால் பின்னால் நிற்கும் எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கரைப் பார்க்க வேண்டும். அவன் எந்தப் பக்கம் பாய்கிறானோ அதைப் பொறுத்து இருவரில் ஒருவர் கழன்று போய் அவனை மறிக்க வேண்டும். சீக்கிரம் கழன்றால் முதல் ஆள் உள்ளே புகுந்துவிடுவான். தாமதமானால் லைன்பேக்கர் ஓட்டக்காரனைப் பிடித்துவிடுவான். பேசி முடிவெடுக்க நேரம் இல்லை, பக்கத்திலிருப்பவனின் இடுப்பு அசைவிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அர்ஷல் இதில் கெட்டிக்காரர். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அளவில் வேகமோ கை நீளமோ அவருக்குப் பெரிதாகக் கிடையாது. தப்பான ஆளை மறித்தார் என்று சொல்லும்படி அதிகம் ஆடியதில்லை.

மற்றபடி ரசிகன் சொன்னதில் ஒரு திருத்தம். அவரைப் பெரிய கல்லூரி நட்சத்திரம் என்று ஏற்றிவிட வேண்டாம். பஃபலோவில் கனிசியஸ் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும்போது பெரிதாக யாரும் தேடிப் போன ஆள் இல்லை. அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் என்.எஃப்.எல். தேர்விலும் 2014-இல் ஐந்தாம் சுற்று, 175-ஆவது ஆள். மூன்று சீசனில் 40 ஆட்டம், அதில் 13-இல்தான் தொடக்கத்திலிருந்து இறங்கினார். நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ரசிகன் எழுதியது:

நட்சத்திரம் என்று நான் சொல்லவில்லையே. ஆனால் அந்த 13-இல் சேராத ஒரு கணக்கு இருக்கிறது. 2014 சீசனின் பிளேஆஃப். வலது டேக்கிள் ரிக்கி வாக்னர் காயத்தில் வெளியே. மார்ஷல் யாண்டா கார்டிலிருந்து டேக்கிளுக்கு நகர்ந்தார். யாண்டா அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கார்டுகளில் ஒருவர். அந்த இடத்தில் முதல் வருட ஆளான அர்ஷலை நிறுத்தினார்கள். பிட்ஸ்பர்க் மைதானத்தில், ஜனவரிக் குளிரில், ஸ்டீலர்ஸுக்கு எதிராக. ரேவன்ஸ் 30-17 ஜெயித்தது. அடுத்த வாரம் நியூ இங்கிலாந்தில் 35-31 தோற்றாலும் முன்வரிசையைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் சுற்று ஆளை நம்பி அங்கே நிறுத்துகிறார்கள் என்றால் பயிற்சியில் அவர் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்று யோசியுங்கள்.

ஹாரிஸ்பர்க்வாசி எழுதியது:

நான் பென்சில்வேனியாவில் பல வருடமாக இருக்கிறேன். இந்த இழையில் ஒரு விஷயத்தை யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

2012-இல் "இருந்தார்" என்பதைப் பெரிய குணமாகச் சொல்கிறீர்கள். எதோடு இருந்தார்? அந்தப் பல்கலைக்கழகம் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. தெரிந்தும் மேலே சொல்லாமல் விட்ட பெரியவர்கள் மேல் வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. அந்தச் சமயத்தில் இங்கே தெருவில் நடந்த பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர்களை விட, பட்டர்னோவின் சிலையை எடுத்ததைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். "அணிக்கு விசுவாசம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். அந்த விசுவாசம்தானே எல்லாரையும் வாய் மூட வைத்தது?

அர்ஷல் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் தங்கியதை அறம் என்று நிறுத்துவதை ஏற்க மாட்டேன்.

பஃபலோ மலர் எழுதியது:

ஹாரிஸ்பர்க்வாசி அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் அங்கேயே கொஞ்சம் நிற்போம்.

2012-இல் அந்த அணி என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பென் ஸ்டேட் சட்டையில் ஆட்டக்காரர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. வெறும் எண், வெள்ளை அல்லது நீலம். அணிதான் பெரிது, தனி ஆள் இல்லை என்பது அவர்கள் பெருமை. புதுப் பயிற்சியாளர் பில் ஓ'பிரையன் அதை அந்த வருடம் மாற்றினார். தங்கியவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று முதுகில் பெயர் போட்டார். கூடவே சிறார் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்காக ஒரு நீல ரிப்பன் சின்னம்.

முதுகில் பெயர் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். பெயரைப் போட்டுக்கொண்டு, அந்த ரிப்பனோடு, ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியூரில் கிடைத்த ஏச்சைக் கேட்டுக்கொண்டு ஆடுவது வேறு. அவர்கள் நிர்வாகத்துக்காகத் தங்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பக்கத்து லாக்கரில் இருப்பவனுக்காகத் தங்கினார்கள். மைக்கேல் மவுட்டியும் மைக்கேல் ஸோர்டிச்சும் மற்றவர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு "நாங்கள் போகவில்லை" என்று அறிவித்தது அந்த உணர்வில்தான்.

முன்வரிசையில் இது இன்னும் கூடுதல் கனம். ஐந்து பேர் பழகினால்தான் ஒரு வரிசை. மூன்றாம் டவுன் சொன்ன அந்த இடுப்பு அசைவு, புதிதாக வருபவனுக்கு ஒரு மாதத்தில் பிடிபடாது. ரன்னிங் பேக் போனால் இன்னொருவர் வருவார். வந்தும் விட்டார், ஸாக் ஸ்வினாக் என்று யாரும் எதிர்பாராத ஆள் அந்த வருடம் ஆயிரம் யார்டு ஓடினார். ஓட முடிந்ததே முன்னால் இருந்த ஐந்து பேர் கலையாததால்தான்.

முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஒஹையோவிடம், அப்புறம் வர்ஜீனியாவிடம் ஒரே ஒரு புள்ளியில். பௌல் கிடையாது, பரிசு கிடையாது. அங்கேயே சீசன் சுருண்டிருக்கலாம். மீதி பத்தில் எட்டை ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் விஸ்கான்சினுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில் 24-21.

ஹாரிஸ்பர்க்வாசி எழுதியது:

மலர், பெயர் விஷயத்தை நான் அப்படி யோசிக்கவில்லை. பக்கத்து லாக்கர்காரனுக்காக என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பல்கலைக்கழகம் அந்த 2012 அணியின் வருடத்தை மைதானச் சுவரில் ஏற்றிக் கொண்டாடியது. பிள்ளைகளின் தங்கல் நிர்வாகத்துக்கு நல்ல பெயராகப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கசப்பு எனக்கு மாறப் போவதில்லை.

எண்கணிதன் எழுதியது:

நான் கணித ஆராய்ச்சி மாணவன். ஃபுட்பால் பாதிதான் புரியும். இந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன், ஏனென்றால் "ஆட்டக்காரருக்கு நன்றாகக் கணக்கு வரும்" என்ற அளவில் ஊடகங்கள் எழுதியதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது.

முதலில் ஒரு தகவல். பென் ஸ்டேட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2013-இல் திரிகோணவியலும் பகுமுறை வடிவியலும் சொல்லித்தரும் இளங்கலை வகுப்பை அவர் நடத்தினார். உதவியாளராக இல்லை, வகுப்பே அவருடையது. பெரும்பாலும் கணக்கைக் கண்டு பயப்படும் மாணவர்கள் எடுக்கிற பாடம் அது. எனக்கே அந்த மாதிரி வகுப்பு எடுத்த அனுபவம் உண்டு. வாரம் முழுக்க விடைத்தாள், அலுவல் நேரத்தில் வரிசை, ஒரே சந்தேகத்தை இருபது பேருக்குச் சொல்ல வேண்டும். இதில் புகழ் ஒரு துளி கிடையாது. காலையில் எடை தூக்கிவிட்டு, மத்தியானம் சைன், கோசைன் சொல்லித்தந்துவிட்டு, தன் சொந்த ஆராய்ச்சியையும் பார்த்தார் என்பது எனக்கு அந்த விருதுகள் எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆராய்ச்சி: சூரியன், வியாழன், ஒரு சிறுகோள் ஆகிய மூன்றின் இயக்கத்தில் ஏற்படும் நிலையின்மை பற்றி இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 2013-இல் வானியக்கவியல் இதழில் வெளிவந்தது. வியாழனின் ஈர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, நீள்வட்டத்தில் சுற்றும் சிறுகோளை எப்படித் தடம் மாற்றிவிடும் என்பது அதன் சாரம். அதன்பிறகு லுட்மில் ஸிகட்டானோவுடன் சேர்ந்து வலைப்பின்னல்களை இரண்டாகப் பிரிக்கும் கணிதத்தில் இறங்கினார்.

எளிமையாகச் சொல்கிறேன். ஆயிரம் ஊர்கள், அவற்றை இணைக்கும் சாலைகள். இதை இரண்டு மாவட்டமாகப் பிரிக்க வேண்டும், குறுக்கே வெட்டுப்படும் சாலை குறைவாக இருக்க வேண்டும். ஃபீட்லர் திசையன் என்று ஒன்று உண்டு, அது ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் தரும். கூட்டல் எண் வந்த ஊர்கள் ஒரு பக்கம், கழித்தல் எண் வந்தவை மறுபக்கம். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் துண்டாகாமல் ஒன்றோடொன்று தொடர்ந்து இருக்குமா? சில சமயம் பூச்சியம் வரும் ஊர்கள் தொல்லை கொடுக்கும். அந்தத் திசையனைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாக இருக்கும்படி செய்யலாம் என்று இருவரும் நிறுவினார்கள். துறையில் அந்தத் தேற்றத்துக்கு அவர்கள் பெயரே வழங்குகிறது.

இதைச் செய்யும்போதும் அவர் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்குக் கணிதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

விதி தெரியாதவன் எழுதியது:

எண்கணிதன், அருமையாக விளக்கினீர்கள். விருதுகள் என்றீர்களே, எவை?

பஃபலோ மலர் எழுதியது:

இரண்டு முக்கியமானவை. 2013-இல் வில்லியம் வி. கேம்பல் கோப்பை. கல்லூரி ஃபுட்பாலில் படிப்பு, சமூக சேவை, ஆட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத் தருவது. பென் ஸ்டேட்டிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர். அப்புறம் ஜேம்ஸ் ஈ. சல்லிவன் விருது, நாட்டின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்கு. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதை ஒரு கார்டு வாங்கினார்.

வீட்டுப் பின்னணியும் சொல்லிவிடுகிறேன். பிறந்தது கனடாவின் வின்னிபெக்கில், வளர்ந்தது எங்கள் பஃபலோவில். அப்பா அறுவைசிகிச்சை மருத்துவர், அம்மா வக்கீல். பெற்றோர் பிரிந்தபின் அம்மாவிடம் வளர்ந்தார். மகன் எம்.ஐ.டி. போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மகன் ஃபுட்பாலுக்காகப் பென் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். அம்மாவின் ஆசை சில வருடம் தள்ளி நிறைவேறியது.

மூன்றாம் டவுன் எழுதியது:

சரி, யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன்.

2015 மார்ச்சில், மூளைக் காயப் பயத்தால் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் கிறிஸ் போர்லாண்ட் ஒரே சீசனோடு ஓய்வு பெற்றார். அப்போது அர்ஷல் ஒரு கட்டுரை எழுதினார். எனக்குப் பணத் தேவை இல்லை, கணிதத்தில் நல்ல எதிர்காலம் காத்திருக்கிறது, அறிவுப்படி பார்த்தால் நான் ஆடக் கூடாது, ஆனாலும் ஆடுகிறேன், ஏனென்றால் எதிராளியோடு மோதுவது எனக்குப் பிடிக்கிறது என்பது அதன் சாரம். அதே வருடம் ஆகஸ்டில் பயிற்சி முகாமில் தலை மோதி கன்கஷன் என்ற மூளை அதிர்ச்சி. ஆடத் தகுதி வந்த பிறகும் உயர்மட்டக் கணிதத்துக்கு வேண்டிய கற்பனைத் திறன் திரும்ப இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது என்று அவரே சொன்னார்.

அப்படி இருந்தும் 2015 முழுவதும் ஆடினார், 2016-உம் ஆடினார். 2016-இலேயே எம்.ஐ.டி. படிப்பையும் தொடங்கிவிட்டார். இதைக் குணம் என்பதா, பிடிவாதம் என்பதா? என் தம்பி மகன் இங்கே உயர்நிலைப் பள்ளியில் லைன்மேன். போன வருடம் ஒரு மோதலுக்குப் பிறகு இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருட்டறையில் படுத்திருந்தான். மூன்றாம் நாள் அவன் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளிக்கிழமை ஆட விடுவார்களா?" என்பதுதான். அர்ஷல் மாதிரி ஆளே திரும்பிப் போனார் என்றால் பதினாறு வயதுப் பையனுக்கு நான் என்ன சொல்ல?

எண்கணிதன் எழுதியது:

பையன் இப்போது நலமா?

2017 ஜூலை 25-இல் வந்த ஆய்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, ஆன் மெக்கீ தலைமையில், இறந்துபோன ஆட்டக்காரர்களின் 202 மூளைகளைப் பரிசோதித்தது. என்.எஃப்.எல். ஆடிய 111 பேரில் 110 பேருக்குச் சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு நோய். கல்லூரி வரை ஆடிய 53 பேரில் 48. பள்ளியோடு நின்ற 14 பேரில் 3. இவை தற்செயலாக எடுத்த மூளைகள் இல்லை. அறிகுறி பார்த்துக் கவலைப்பட்ட குடும்பங்கள் தானமாகத் தந்தவை அதிகம். எனவே ஆடுகிறவர்களில் 99 சதவீதம் பேருக்கு நோய் வரும் என்று படிக்கக் கூடாது. அதே சமயம், கல்லூரிக்காரர்களில் 48 என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது. எத்தனை கன்கஷன் என்பது மட்டும் கணக்கு இல்லை. சின்னச் சின்ன மோதல்கள் வருடக்கணக்கில் சேர்வதுதான் ஆபத்து என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். முன்வரிசை ஆள் ஒவ்வொரு ஆட்டத் துண்டிலும் மோதுகிறான். இது அவனுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

மூன்றாம் டவுன் எழுதியது:

நலம். நரம்பியல் மருத்துவர் பார்த்தார், அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார வைத்தோம். கேட்டதற்கு நன்றி.

பஃபலோ மலர் எழுதியது:

ஓய்வு பற்றி ஒன்று. ஆய்வு வெளியான இரண்டாம் நாள், ஜூலை 27, முகாம் தொடங்கும் நேரத்தில் பயிற்சியாளர் ஜான் ஹார்பாவிடம் சொல்லிவிட்டு விலகினார். ஆய்வுக்குத் தொடர்பு உண்டு என்று அணி வட்டாரத்தை வைத்துச் செய்தி வந்தது. ஆனால் அவர் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஆய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதில் பெரிய கதை எதுவும் இல்லை, தனிமை வேண்டும் என்று கேட்டார். இலையுதிர்ப் பருவத்தில் மட்டும் நடக்கும் பாடங்களை எடுக்க வேண்டும், நூலகத்தில் இருக்க வேண்டும், கணிதத் துறை அறையில் மற்ற மாணவர்களோடு தனக்கும் ஒரு மேசை வேண்டும் என்றார். டிசம்பரில் முதல் குழந்தை பிறக்கப் போகிறது என்றும் எழுதினார்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார். போக முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் அந்தப் பணத்தில் வாழவே இல்லை. என்.எஃப்.எல். ஆட்டக்காரராக இருந்தபோது வருடத்துக்கு 25,000 டாலருக்குள் செலவு, அறைத்தோழரோடு வாடகை வீடு, பழைய நிசான் வெர்சா கார். இதைச் சிக்கனம் என்று பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. பிடித்ததை விட்டு எழுந்து போகும் சுதந்திரத்தை அவர் முதல் நாளிலிருந்தே கையில் வைத்திருந்தார்.

மூன்றாம் டவுன், உங்கள் பையனுக்கு நான் சொல்வது இதுதான். அர்ஷல் திரும்பிப் போனதை மறைக்க வேண்டாம், அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் சொல்லுங்கள். அப்புறம் அவர் எழுந்து வந்ததையும் சொல்லுங்கள். திரும்பிப் போனபோது அவருக்கு 24 வயது, முடிவு அவருடையது, கையில் இரண்டு பட்டம் இருந்தது. பதினாறில் முடிவு உங்களுடையது.

சனிக்கிழமை ரசிகன் எழுதியது:

மலர் சொன்னதோடு சேர்த்து என் வாதத்தைக் கொஞ்சம் மாற்றி வைக்கிறேன். 2012-இல் தங்கியதும் 2017-இல் போனதும் எனக்கு ஒரே ஆளின் வேலையாகத் தெரிகிறது. இரண்டு தடவையும் ஊர் எதிர்பார்த்ததற்கு மாறாகச் செய்தார். இரண்டு தடவையும் அதிகம் பேசவில்லை. 2021-இல் டாக்டர் பட்டம் வாங்கி, பிரின்ஸ்டன் உயராய்வு மையம், ஹார்வர்டு என்று போய், 2023-இல் எம்.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார். இன்றைக்கும் ஃபுட்பாலைத் திட்டி அவர் பேசிக் கேட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது கணிதத்தைப் பற்றித்தான் பேசுகிறார். குறிப்பாகக் கறுப்பினப் பிள்ளைகளிடம், கணிதம் உங்களுக்கும் உரியது என்று.

ஹாரிஸ்பர்க்வாசி சொன்ன கசப்புக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் நல்ல பெயருக்கு இவரைச் சாட்சியாக நிறுத்துவதை நானும் விரும்பவில்லை.

விதி தெரியாதவன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஓர் ஆட்டம் பார்க்கிறேன் என்றால் எதைப் பார்ப்பது? அவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாம் டவுன் எழுதியது:

2013 அக்டோபர் 12, மிச்சிகனுக்கு எதிராக, பென் ஸ்டேட்டின் பீவர் மைதானம், மாலையில் தொடங்கிய ஆட்டம். லட்சம் பேருக்கு மேல் கூட்டம். கடைசி நிமிடத்தில் 34-34 சமன். அப்புறம் நான்கு கூடுதல் நேரம், 43-40 பென் ஸ்டேட்.

நான்காம் கூடுதல் நேரத்துக்கு ஓட்டிப் போ. மிச்சிகன் மூன்று புள்ளி முன்னே. பென் ஸ்டேட்டுக்கு நான்காம் டவுன், அதாவது கடைசி முயற்சி, ஒரு யார்டு பாக்கி. உதைத்து மறுபடி சமன் செய்யலாம். ஓ'பிரையன் உதைக்கவில்லை, ஓடச் சொன்னார். ஓட்டக்காரர் பில் பெல்ட்டனிடம் பந்து போகும். ஒரு யார்டு கிடைக்காவிட்டால் ஆட்டமே முடிந்தது. அந்த மாதிரி நேரத்தில் பயிற்சியாளர் நம்புவது ஓட்டக்காரனை இல்லை, முன்னால் குனிந்திருக்கும் ஐந்து பேரை.

முதல் தடவை பார்க்கும்போது பந்தைப் பார்க்காதே. சென்டருக்கு வலது பக்கம் எண் 64. ஸ்நாப்புக்கு முன் அவர் கை புல்லில் படுவதிலிருந்து ஊதல் சத்தம் வரை அவரை மட்டும் பார். இரண்டாம் தடவை பெல்ட்டனைப் பார். பார்த்துவிட்டு வந்து எழுது, அந்தத் துண்டில் யார் யாரை மறித்தார்கள் என்று சேர்ந்து பிரிக்கலாம். கால் அடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும், அவசரப்படாதே.

ஹாரிஸ்பர்க்வாசி எழுதியது:

நானும் பார்க்கிறேன். அந்த ஆட்டத்தை அப்போது வேண்டுமென்றே பார்க்காமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுகிறேன்.